நெல் வண்டிகளுக்காக நடந்த போர்: திருச்சியின் போர்த்தடங்களும் அருங்காட்சியகமும்

திருச்சிராப்பள்ளியில் போர் அருங்காட்சியகம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆனால் 1741 முதல் 1754 வரையான ஆண்டுகளில் இந்த ஊர் நான்கு முறை முற்றுகைக்கு உள்ளானது. முதலில் மராத்தியர், அடுத்து நிஜாம், பிறகு சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும், கடைசியாக மைசூர்க்காரரும் பிரெஞ்சுக்காரரும் என மாறி மாறி வந்து மதிலுக்கு வெளியே கூடாரம் அடித்தார்கள். தென்னிந்தியாவில் நிலைத்து நிற்கப்போவது ஆங்கிலக் கம்பெனியா பிரெஞ்சுக் கம்பெனியா என்ற வழக்கு ஆற்காட்டிலும் வந்தவாசியிலும் தீர்ந்ததாகப் பள்ளிப் பாடம் சொல்லும். அந்த வழக்கின் நீண்ட, அலுப்பூட்டும், பசி நிறைந்த பகுதி நடந்தது கொள்ளிடத்துக்கும் பொன்மலைக்கும் இடைப்பட்ட சில மைல் நிலத்தில்தான்.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு திருச்சிக்கு வருபவர்களின் வழி ஏறக்குறைய ஒன்றே: மலைக்கோட்டையில் தாயுமானவரும் உச்சிப் பிள்ளையாரும், தெப்பக்குளத்தைச் சுற்றிய கடைத்தெரு, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், சமயபுரம். இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வோர் இடத்திலும் 18ஆம் நூற்றாண்டில் பட்டாளம் தங்கியிருக்கிறது. சிலவற்றில் பீரங்கி வெடித்திருக்கிறது. அதைச் சொல்லும் பலகைதான் அரிது. கோயில் என்ற முகம் மட்டும் நினைவில் நிற்க, பாசறை என்ற முகம் மறைந்துபோனது. பக்தர்களுக்கு இதில் நட்டமில்லை. வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு நட்டமுண்டு.

மலையடிவாரத்தில் ராணி மங்கம்மாள் மகால் என்று அழைக்கப்படும் கொலுமண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் இயங்குகிறது. 1983இல் தொடங்கப்பட்டு, 1997இல் இந்த மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. கற்சிலைகள், நாணயங்கள், செப்புத் திருமேனிகள், பாடம் செய்யப்பட்ட உயிரினங்கள் என ஒரு மாவட்ட அருங்காட்சியகத்தில் எதிர்பார்க்கக் கூடியவை இங்கும் உண்டு. மற்ற அரசு அருங்காட்சியகங்களைப் போலவே வெள்ளிக்கிழமை விடுமுறை. தெரியாமல் வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. உள்ளே இருக்கும் பொருள்களைவிடக் கட்டடமே போர் வரலாற்றுக்கு நெருக்கமான சாட்சி. சொக்கநாத நாயக்கர் காலத்தில் எழுந்த அரண்மனை வளாகத்தின் எஞ்சிய துண்டு இது. நாயக்கர் வழியின் கடைசி ஆட்சியாளரான மீனாட்சியின் அரசு இங்கேதான் முடிந்தது. 1736இல் உதவிக்கு வருவதாகச் சொல்லி வந்த, ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப், சில ஆண்டுகளுக்குள் கோட்டையைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். மீனாட்சி நஞ்சுண்டு இறந்தார் என்பது வரலாற்று மரபு. பிறகு வளாகம் நவாபின் அரண்மனை ஆயிற்று, அதன் பிறகு கம்பெனி அரசின் அலுவலகங்கள் ஆயிற்று.

சந்தா சாகிபின் ஆட்சி நெடுநாள் நீடிக்கவில்லை. ரகுஜி போன்ஸ்லே தலைமையில் வந்த மராத்தியப் படை 1741 மார்ச்சில் கோட்டையைப் பிடித்து, அவரைச் சதாராவுக்குக் கைதியாகக் கொண்டுபோனது. மராத்தியத் தளபதி முராரி ராவ் ஊரை ஆண்டார். 1743இல் ஐதராபாத் நிஜாம் பெரும்படையுடன் வந்து மராத்தியரை வெளியேற்றினார். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டபோது, அவர் மகன் முகமது அலி ஓடிவந்து ஒளிந்த இடம் இந்தக் கோட்டை. சிறையிலிருந்து மீண்டு பிரெஞ்சு ஆதரவுடன் நவாப் பட்டம் கோரிய சந்தா சாகிபுக்கு, முகமது அலி இங்கே இருக்கும்வரை பட்டம் முழுமையாகாது. 1751இல் தொடங்கிய முற்றுகையின் காரணம் இவ்வளவுதான்.

கோட்டையின் அமைப்பு தெரிந்தால்தான் பிறகு நடந்தவை விளங்கும். மலையை நடுவில் வைத்து நீள்சதுரமாக இரட்டை மதில், வெளி மதில் தாழ்வானது, உள் மதில் உயரமானது, இரண்டுக்கும் இடையே சுமார் 25 அடி இடைவெளி, வெளியே அகழி. மலையுச்சியில் ஆளை நிறுத்தித் தொலைநோக்கியால் பார்த்தால் சுற்றுவட்டாரத்தில் எந்தப் படை எங்கே நகர்கிறது என்பது தெரியும். இன்று உச்சிப் பிள்ளையார் சந்நிதிக்கு வெளியே நின்று பிள்ளைகள் காவிரிப் பாலத்தைத் தேடும் அதே இடம் அன்று முற்றுகையின் கண்.

1751இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததன் நோக்கம் திருச்சியின் மேலிருந்த அழுத்தத்தைக் குறைப்பது. அவர் அங்கே ஐம்பது நாள் தாக்குப்பிடித்த கதை புகழ்பெற்றது. திருச்சிக்கு அருகே அவர் செய்தது அவ்வளவு பேசப்படுவதில்லை. 1752 வசந்தத்தில் ஆங்கிலத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்சும் கிளைவும் வந்து சேர்ந்ததும், பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா பதறிப்போய்க் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார். அது ஒரு பொறி. தீவின் வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி; புதுச்சேரியிலிருந்து உதவி வரவேண்டுமானால் கொள்ளிடத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். அந்த வழியை மறிக்கக் கிளைவ் சமயபுரத்தில் பாசறை அமைத்தார். ஓர் இரவில் பிரெஞ்சுப் படை ஒன்று, ஆங்கிலப் படையிலிருந்து ஓடிப்போனவர்களை முன்னால் விட்டு, தங்கள் ஆட்களைப் போலவே நுழைந்து பாசறையைத் தாக்கியது; கிளைவ் மயிரிழையில் தப்பினார். பாசறையாக இருந்தவை சமயபுரத்துக் கோயில் கட்டடங்களும் சத்திரமும். ஆடியிலும் தையிலும் லட்சக்கணக்கானோர் வரிசையில் நிற்கும் ஊருக்கு இப்படியோர் இரவும் உண்டு.

அடுத்த வாரங்களில் லால்குடியில் இருந்த எதிரியின் தானியக் கிடங்கு கைமாறியது. தஞ்சாவூர்ப் படை கோவிலடியைப் பிடித்தது. கொள்ளிடத்தின் வடகரையில் பிச்சாண்டார்கோவில் பீரங்கிக்கு விழுந்தது. தீவுக்குள் பிரெஞ்சுக்காரர் திருவானைக்காவல் கோயிலிலும், சந்தா சாகிபின் ஆட்கள் ஸ்ரீரங்கம் கோயிலிலும் அடைபட்டிருந்தார்கள். உணவு தீர்ந்ததும் சந்தா சாகிபின் குதிரைப்படையினர் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். 1752 ஜூனில் ஜாக் லா சரணடைந்தார். தஞ்சாவூர்த் தளபதி மானோஜியிடம் பாதுகாப்புத் தேடிப்போன சந்தா சாகிப் அங்கேயே தலை வெட்டப்பட்டார். ஸ்ரீரங்கம் கோயிலில் இருந்த ராஜபுத்திர வீரர்கள் சரணடையச் சம்மதித்தாலும், குறிப்பிட்ட திருச்சுற்றுக்கு அப்பால் எவன் காலடி வைத்தாலும் வெட்டுவோம் என்று எச்சரித்ததாகக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். இந்த நிகழ்ச்சிகளின் தேதிகள் நூலுக்கு நூல் பதினொரு நாள் வேறுபடும். ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை பழைய நாள்காட்டியையும், பிரெஞ்சுக்காரர் புதியதையும் பின்பற்றியதே காரணம்.

போர் இத்துடன் முடிந்திருக்கவேண்டும். முடியாமல் போனதற்கு முகமது அலி கொடுத்திருந்த ரகசிய வாக்கு காரணம். மைசூர்ப் படையின் உதவிக்கு விலையாகத் திருச்சியையே தருவதாக அவர் மைசூர் அமைச்சர் நஞ்சராஜருக்குச் சொல்லியிருந்தார். வெற்றிக்குப் பிறகு கொடுக்க மறுத்தார். நஞ்சராஜர் ஸ்ரீரங்கத்தை விட்டு நகர மறுத்து, கடைசியில் பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்துகொண்டார். நேற்றுவரை கோட்டையைக் காத்த நண்பன் அதே கோட்டையை முற்றுகையிட்டான்.

1753–54 முற்றுகைதான் திருச்சிப் போர்களின் உண்மையான முகம். பீரங்கியைவிட நெல்லுக்கு இதில் முக்கியத்துவம் அதிகம். 1753 ஏப்ரலில் கோட்டைக் காவலுக்குப் பொறுப்பான கேப்டன் ஜான் டால்டன் கிடங்கைத் திறந்து பார்த்தபோது, மூன்று வாரத்துக்கு மட்டுமே தானியம் இருந்தது. பொறுப்பிலிருந்த நவாப் தரப்பு அதிகாரி மீதியை விற்றுவிட்டிருந்தார். செய்தி கிடைத்ததும் லாரன்ஸ் கடற்கரைப் பகுதியிலிருந்து விரைந்து வந்தார். ஊர் மக்களில் பெரும்பாலோர் அதற்குள் வெளியேறிவிட்டார்கள். மதிலுக்குள் எஞ்சியவர்கள் சிப்பாய்களும் அவர்களைச் சார்ந்தவர்களுமே.

அதன் பிறகு ஓராண்டுக்கும் மேல் நடந்த சண்டைகளை ஒன்றொன்றாகப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே ஒரு மாட்டு வண்டி வரிசையைக் காப்பதற்காகவோ மறிப்பதற்காகவோ நடந்தவை என்பது புலப்படும். நெல் வந்த வழிகள் இரண்டு. தஞ்சாவூர் வழி வளமானது. ஆனால் தஞ்சாவூர் அரசர் யார் வெல்வார் என்று பார்த்துப் பார்த்து நடந்துகொண்டார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் காட்டு வழி குறுகியது, நம்பகமானது. விஜயரகுநாதராயத் தொண்டைமானின் உதவி இல்லாமல் கோட்டை நின்றிருக்காது. அந்த உறவே பின்னால் 1948 வரை புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக நீடித்ததற்கு அடித்தளம். காட்டு வழியில் இரவில் வண்டிகளை அழைத்துவரும் வேலையில் பெயர் எடுத்தவர் யூசுப் கான். மருதநாயகம் என்று தமிழர் அறிந்த இவர் 1764இல் மதுரையில் அதே கம்பெனியிடம் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார்.

1753 ஜூன் 26 அன்று பொன்மலையில் காவலிருந்த சிப்பாய்களைப் பிரெஞ்சுப் படை விரட்டிவிட்டுக் குன்றைப் பிடித்தது. லாரன்ஸ் சிறு படையுடன் திருப்பித் தாக்கி மீட்டார். தோற்றிருந்தால் தெற்கு வழி அடைபட்டிருக்கும். ஆகஸ்டில் ஒரு நெல் வரிசையைக் காத்து உள்ளே கொண்டுவர இன்னொரு சண்டை. செப்டம்பர் 21 அன்று பொன்மலைக்கு அருகிலேயே மூன்றாவது சண்டை. நவம்பர் இறுதியில் ஓர் இரவு பிரெஞ்சுப் படை ஏணி வைத்து வடமேற்கு மூலையில் வெளி மதிலின் மேலிருந்த பீரங்கி மேடையைப் பிடித்தது. கைக்கு வந்த பீரங்கிகளை அவர்களில் சிலர் அவசரப்பட்டு ஊரை நோக்கிச் சுட்டதில் கோட்டை முழுக்க விழித்துக்கொண்டது. ஏணிகள் சேதப்பட்டு, இரண்டு மதில்களுக்கும் இடையில் சிக்கிய நூற்றுக்கணக்கான ஐரோப்பியர் விடியும்போது கைதானார்கள். கோட்டை அமைப்பை அறிந்தவர்களுக்கு அந்த 25 அடி இடைவெளியின் பயன் இங்கே புரியும்.

கம்பெனிக்கு நேர்ந்த பெரிய அடியும் வண்டி வரிசையில்தான் விழுந்தது. 1754 பிப்ரவரியில் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த பெரும் வரிசை ஒன்றை மைசூர்க் குதிரைப்படையும் பிரெஞ்சுக்காரரும் காட்டுவழியில் மடக்கினார்கள். காவலுக்கு வந்த ஆங்கிலேயக் கிரெனேடியர் பிரிவு முழுதாக அழிந்தது அல்லது பிடிபட்டது. அந்தக் குதிரைப்படையில் அப்போது அவ்வளவாகப் பெயர் தெரியாத ஐதர் அலியும் இருந்தார். திருச்சி முற்றுகை அவருக்குப் பயிற்சிக் களம்; மறு ஆண்டே திண்டுக்கல்லின் பௌஜ்தார் (படை அதிகாரி) ஆனார். 1754இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டு, அவருக்குப் பதிலாக வந்த கோதே சமாதானம் பேசினார். அக்டோபரில் சண்டை நிறுத்தம் வந்தது. முகமது அலியின் நவாப் பட்டத்தை 1763 பாரிஸ் உடன்படிக்கை உறுதி செய்தது.

இவ்வளவையும் இன்றைக்கு நாம் அறிவது பெரும்பாலும் ஒரு தரப்பின் எழுத்தால். ஓர்ம் 1763இல் வெளியிட்ட படைநடவடிக்கை வரலாறு அளவில் பெரியது, விவரத்தில் நுணுக்கமானது. ஆனால் அதில் இறந்த வெள்ளை அதிகாரிக்குப் பெயர் உண்டு, இறந்த சிப்பாய்க்கு எண்ணிக்கை மட்டும் உண்டு, இறந்த வண்டிக்காரனுக்கு இரண்டும் இல்லை. எதிர்த் தரப்பின் பார்வைக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழில் கிடைக்கிறது. புதுச்சேரியில் இருந்துகொண்டு திருச்சியிலிருந்து வரும் செய்தியை, வதந்தியை, டூப்ளேயின் கோபத்தை அன்றன்றே பதிந்தவர் அவர். நவாப் தரப்புக்குப் புர்ஹான் இப்ன் ஹசன் பாரசீகத்தில் எழுதிய துசக்-இ-வாலாஜாகி உண்டு. முகமது உசைன் நயினார் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை 1930களில் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மூன்றையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது வெற்றி யாருக்கு என்பதைவிட யாருடைய நெல் யார் வயிற்றுக்குப் போனது என்ற கேள்வி பெரிதாகிறது.

உலகின் போர் அருங்காட்சியகங்கள் இந்தக் கேள்வியைப் பலவிதமாகக் கையாண்டிருக்கின்றன. லண்டனில் 1917இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, நிறுவப்பட்ட இம்பீரியல் போர் அருங்காட்சியகம் பீரங்கிகளோடு கடிதங்களையும் அன்றாடப் பொருள்களையும் சேர்த்தது. ஹிரோஷிமாவில் 1955இல் திறந்த அருங்காட்சியகத்தில் பார்வையாளர் நெடுநேரம் நிற்பது ஒரு பிள்ளையின் கருகிய சாப்பாட்டுப் பெட்டிக்கு முன்னால். விசாகப்பட்டினக் கடற்கரையில் 2002இல் காட்சிக்கு வந்த குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் வேறு வகை. உள்ளே நுழைந்து வெளியே வரும் குடும்பத்துக்கு அது முதலில் ஒரு பொறியியல் வியப்பு, போர் அதற்குப் பிறகுதான். 2009க்குப் பிறகு இலங்கையின் புதுக்குடியிருப்பில் ராணுவம் காட்சிக்கு வைத்த புலிகளின் படகுகளும் ஆயுதங்களும் தெற்கிலிருந்து பேருந்தில் வந்தவர்களுக்கு வெற்றிப்பொருள்கள். அதே மண்ணில் உறவுகளை இழந்த தமிழர் அவற்றை அப்படிப் பார்க்க இயலாது. வெற்றிபெற்றவர் கையால் அமையும் காட்சியின் குறை இதுவே. ஓர்மின் நூலுக்கும் அது பொருந்தும்.

தமிழ்நாட்டில் இந்த வகைக்கு நெருக்கமானது சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம். 1948 ஜனவரியில் திறக்கப்பட்டது. வாள், துப்பாக்கி, பீரங்கிக் குண்டு, ராணுவச் சீருடை, பதக்கம், நவாபுகளின் படங்கள் எனக் கம்பெனிக் காலத்துப் பொருள்கள் அங்கே நிறைய. கிளைவ் குடும்பம் இந்தியாவிலிருந்து கொண்டுபோனவற்றைப் பார்க்க வேல்ஸ் நாட்டின் போவிஸ் கோட்டைக்குப் போகவேண்டும். திருச்சியில் கிளைவின் பெயர் தங்கியிருப்பது தெப்பக்குளத்தை ஒட்டிய ஒரு பழைய வீட்டில் மட்டுமே. அவர் தங்கியதாகச் சொல்லப்படும் அது இப்போது கல்லூரி மாணவர் விடுதி.

ஆகவே திருச்சி அருங்காட்சியகத்துக்குத் தேவை புதிய பீரங்கிகள் அல்ல. முற்றுகைக் காலத்து நிலப்படம் ஒன்றைச் சுவரளவுக்குப் பெரிதாக்கி, அதில் நெல் வழிகளைக் குறித்தாலே போதும், மற்ற இடங்கள் தாமாக இணைந்துகொள்ளும். பாசறையாகவும் காவல் அரணாகவும் பயன்பட்ட உய்யக்கொண்டான் திருமலையும் திருவெறும்பூர்க் குன்றுக் கோயிலும் இன்றும் நிற்கின்றன. பொன்மலையில் 1920களின் இறுதியில் எழுந்த ரயில்வே பணிமனை குன்றைச் சூழ்ந்துகொண்டாலும் குன்று கண்ணில் படுகிறது. மதில்களில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. மேலப்புலிவார்டு சாலையும் கீழப்புலிவார்டு சாலையும் அந்தக் கோட்டின் மேல்தான் ஓடுகின்றன. மிஞ்சியது மெயின்கார்டு கேட் வாயில். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கும் குடும்பம் அதைத் தாண்டித்தான் கடைத்தெருவுக்குள் நுழைகிறது. நத்தர்வலி தர்காவில் சந்தா சாகிபும் முகமது அலியும் ஒரே வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள்.

கோட்டைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போருடன் உள்ள உறவில் 1801ஆம் ஆண்டுக்குத் தனி இடம் உண்டு. அவ்வாண்டு ஜூன் 16 தேதியிட்ட மருது பாண்டியரின் அறிக்கை, திருச்சிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாயிலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. நாட்டு மக்கள் சாதி வேறுபாடின்றி ஐரோப்பியரை எதிர்க்கவேண்டும் என்பது அதன் சாரம். ஜூலை 31 அன்று கம்பெனி கர்நாடக நவாபின் ஆட்சியை ஒப்பந்தத்தின் மூலம் எடுத்துக்கொண்டது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். முதல் பிரதி ஒட்டப்பட்ட அரண்மனையின் ஒரு பகுதியிலேயே அருங்காட்சியகம் இருப்பதால், அந்த அறிக்கையின் படியை அங்கே தொங்கவிடுவதற்கு வேறு எந்த நியாயமும் தேடவேண்டியதில்லை.

20ஆம் நூற்றாண்டின் போர்கள் திருச்சியில் நடக்கவில்லை. திருச்சியிலிருந்து ஆட்கள் போனார்கள். காந்தி மார்க்கெட் அருகே முதல் உலகப் போருக்குச் சென்றவர்களுக்கான நினைவுச்சின்னம் காய்கறி லாரிகளுக்கு நடுவே நிற்கிறது. கன்டோன்மென்ட் பகுதியில் மேஜர் சரவணனின் நினைவிடம் உண்டு. பீகார் ரெஜிமெண்டைச் சேர்ந்த அவர் 1999 மே 29 அன்று கார்கில் போரின் படாலிக் முனையில் இறந்தார். வீர் சக்ரா விருது பெற்றார். பெயரும் ஊரும் முகமும் தெரிந்த ஒரு வீரருக்கு எழுந்த இந்த நினைவிடத்தையும், ஓர்மின் பக்கங்களில் பெயரற்றுக் கிடக்கும் சிப்பாய்களையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டரை நூற்றாண்டில் மாறியது என்ன என்பது தெரியும். 1960களில் நிறுவப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலை நகரின் இன்னொரு ராணுவ முகம். பாதுகாப்புக் காரணத்தால் விடுமுறைப் பயணிகளுக்கு அதன் வாசல் திறக்காது.

மன்னார்புரத்தில் ராணுவம் வேறு வகையில் கண்ணில் படுகிறது. மதுரை, சென்னைச் சாலைகளிலிருந்து ஊருக்குள் வருபவர்கள் கடக்கும் இப்பகுதியில் பாதுகாப்புத் துறைக்கு நிலம் உண்டு. பிரதேச ராணுவத்தின் 117ஆவது காலாட்படைப் பிரிவும் திருச்சியைச் சேர்ந்ததே. ரயில் சந்திப்பு அருகிலான மேம்பாலத்தின் பெரும்பகுதி திறக்கப்பட்டும், ஓர் ஏக்கருக்கும் குறைவான பாதுகாப்புத் துறை நிலம் கைக்கு வராததால் மன்னார்புரத்தை நோக்கிய கிளை பல ஆண்டுகள் அந்தரத்தில் முடிந்து நின்றது. நில மாற்றத்துக்கு அனுமதி கிடைத்து அந்தக் கிளை போக்குவரத்துக்குத் திறந்தது 2023இல்.